எடைச் சீட்டில் ஏறும் தண்ணீர்: சைலேஜுக்கு எந்த மக்காச்சோளம்?

எடை மேடைச் சீட்டில் இரண்டு நடைக்கும் சேர்த்து 8 டன் 400 கிலோ. அரை ஏக்கரில் இவ்வளவா என்று பெரியபாளையம் பக்கம் நிலம் வைத்திருக்கும் என் பெரியப்பா மகனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஒன்றரை ஆள் உயரம் நின்ற ஆப்பிரிக்கன் டால் என்னும் மக்காச்சோள ரகம் அது. பாதி வயல் பூத்த 62ஆம் நாள் அறுத்து, மாதவரத்தில் என் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குழியில் கொட்டி, மிதித்து, தார்பாய் போட்டு மூடினோம். இப்படிப் பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்துச் சேமிப்பதுதான் சைலேஜ்.

மூன்றாம் நாள் குழியின் தாழ்ந்த பக்கத்திலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் போய்த் தேங்கியது. நல்ல சைலேஜ் புளித்த மாவு போல மணக்கும். இது கெட்டுப்போன வெண்ணெய் போல நாறியது. ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்துப் போட்டபோது மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டன. பால் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

இந்த வருடம் அண்ணனிடம் நாலு ஏக்கர் காலியாக இருக்கிறது, என்னிடம் பத்துக் கறவை மாடு. மறுபடி ஆப்பிரிக்கன் டாலா, மணிக்காக விதைக்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளமா, இல்லை சைலேஜையே பேலாக, அதாவது பிளாஸ்டிக் சுற்றிய கட்டாக, விலைக்கு வாங்கிவிட்டு நிலத்தில் கோ-4 தீவனப் புல் நடுவதா? ஒரு மாதமாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். போட்ட கணக்கை இங்கே எழுதுகிறேன். சென்னையைச் சுற்றி மாடு வைத்திருக்கிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம். பூக்கும் பருவத்தில் அறுக்கும் மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். 8.4 டன்னில் உலர் எடை 1.7 டன்தான். அதே அரை ஏக்கரில் மணி ரகத்தைப் போட்டு, கதிர் முற்றி மாவுப் பதம் வந்த பிறகு அறுத்தால் எடை மேடை 7 டன்தான் காட்டும் என்று வையுங்கள். அப்போது பயிரில் உலர் பொருள் 33 சதவீதம் இருக்கும். கணக்குப் போட்டால் 2.3 டன். சீட்டில் 1.4 டன் குறைகிறது, மாட்டின் வயிற்றுக்குப் போவது 600 கிலோ கூடுகிறது. வாடகை வண்டி, ஏற்றுக் கூலி, வெட்டுக் கூலி எல்லாம் டன் கணக்கில்தான் கொடுக்கிறோம். அண்ணனும் நானும் பெரியபாளையத்திலிருந்து மாதவரத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் ஏற்றி வந்திருக்கிறோம். சென்னையில் லாரித் தண்ணீர் வாங்குவது புதிதில்லை, ஆனால் இது கொஞ்சம் அதிகம்.

எடையைவிடப் பெரிய வித்தியாசம் மாவுச்சத்தில், அதாவது ஸ்டார்ச்சில். நன்றாக மணி பிடித்த பயிரை முழுச் செடியாக வெட்டிச் சைலேஜ் போட்டால், உலர் எடையில் 30 சதவீதம் அளவுக்கு ஸ்டார்ச் வரும். 2.3 டன்னுக்கு அது ஏறக்குறைய 700 கிலோ. மக்காச்சோள மணியாகக் கடையில் வாங்கினால் ஒரு டன் வாங்க வேண்டும். பூவில் அறுத்த பயிரில் இது அநேகமாகப் பூஜ்யம். தண்டில் கொஞ்சம் சர்க்கரை இருக்கும், அதையும் பழுப்புத் தண்ணீராகச் சுவரோரம் விட்டுவிட்டோம். நாமக்கல் கோழிப் பண்ணைகளும் எத்தனால் ஆலைகளும் மணிக்குப் போட்டி போடுகிற இந்தக் காலத்தில், அடர்தீவன மூட்டையின் விலை எங்கே போகிறது என்று மாடு வைத்திருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சைலேஜுக்குள்ளேயே மணி இருந்தால் மூட்டையிலிருந்து அள்ளும் அளவு குறையும்.

ஆப்பிரிக்கன் டாலைக் குறை சொல்லவில்லை. அது பசுந்தீவன ரகம். ஹெக்டேருக்கு 40 டன் பசுந்தீவனம் என்று புத்தகம் சொல்வது பொய்யில்லை, எங்கள் சீட்டே சாட்சி. அன்றன்றைக்கு வெட்டி அன்றன்றைக்குப் போடுகிறவர்களுக்கு அருமையான பயிர். எண்பது நாளுக்கு மேல் விட்டு வைத்தால் அதிலும் கதிர் முற்றும். ஆனால் அந்த உயரத்துக்குத் தலைப் பக்கம் கனம் ஏறி, ஒரு காற்றடித்தால் படுத்துவிடும். படுத்த பயிரில் மண் ஒட்டும், மண்ணோடு வேண்டாத கிருமியும் சைலேஜுக்குள் போகும்.

எப்போது அறுப்பது என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் மெரினா. கடற்கரையில் கரியில் சுட்டு, எலுமிச்சம்பழத்தை மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்துத் தருகிறார்களே, அந்தப் பதத்தில் மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்கும். அது சைலேஜுக்கு இன்னும் காயான பதம். சுண்டல்காரப் பையனும் தொடாத அளவுக்குக் கதிர் முற்ற வேண்டும், அதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அப்போது ஒரு கதிரை நடுவில் இரண்டாக உடைத்து, மணியின் பக்கவாட்டைப் பாருங்கள். மேல் பாதி கெட்டியாக ஆழ்ந்த மஞ்சளில் இருக்கும், சக்கையோடு ஒட்டிய கீழ்ப் பாதி வெளிறி மெதுவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு மணியின் உச்சியிலிருந்து பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே இறங்கியிருந்தால் அறுவடை நாள். எங்கள் ஊர் வெயிலில் விதைத்து 80 முதல் 90 நாளுக்குள் இது வரும். அதற்குப் பிறகு காத்திருக்க முடியாது. நாளுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை காய்ந்துகொண்டே போகும்.

கதிரை மட்டும் நம்பாமல், அறுக்கும் முன் இரண்டு செடியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு கைப்பிடியை அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பேன். விரலிடுக்கில் சாறு வழிந்தால் இன்னும் ஈரம் அதிகம். சாறு வராமல், உருண்டை மெல்ல மெல்ல விரிந்தால் சரியான பதம். கை திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் நாள் கடந்துவிட்டது. சந்தேகம் வந்தால் நூறு கிராம் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு சேர்த்து மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து, இரண்டிரண்டு நிமிடமாக ஓட்டி, எடை இனிக் குறையாது என்கிற வரை காய வைத்து நிறுப்பேன். 33 கிராம் மிஞ்சினால் 33 சதவீதம். இதை வீட்டம்மா இல்லாத நேரத்தில் செய்வது உத்தமம்.

நாள் கடந்தால் என்ன நஷ்டம்? உலர் எடை 40 சதவீதத்தைத் தாண்டினால் தட்டை மிதிபடாது, இடையில் காற்று நின்று பூஞ்சை பிடிக்கும். மணியும் கல்லாகிவிடும். அதை மாடு சாப்பிடும், ஆனால் செரிக்காது. ஒரு கை சாணத்தை மாவுச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் கழுவிப் பாருங்கள், முழு மணி எத்தனை தங்குகிறது என்று. ஒரு கைக்கு நாலைந்து முழு மணி தங்கினால் ஸ்டார்ச் எருக்குழிக்குப் போகிறது என்று அர்த்தம். வெட்டும் மெஷினின் கத்தியைத் தீட்டி, துண்டு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் வரும்படி வைத்தால் மணியும் உடையும், குழியும் இறுகும். அதற்கும் குறைத்து மாவாக அரைத்துவிட்டால் மாடு அசை போடுவது குறைந்து வயிறு கெடும், பாலில் கொழுப்பும் இறங்கும்.

அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் அறுப்பது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டையே நடந்தது. "காசு போட்டு வளத்த தட்டைய வயல்லயே உட்டுட்டு வரச் சொல்றியே, உனக்கு நிலம் இருந்தா தெரியும்டா" என்றார். தரையோடு அறுத்தால் எடை கூடும், மறுக்கவில்லை. ஆனால் அடித்தண்டுதான் பயிரிலேயே செரிக்காத பகுதி. போட்ட யூரியாவின் நைட்ரேட்டும், மழை தெறித்த மண்ணும் தங்குவது அங்கேதான். ஒரு முழம் உயரத்தில் அறுத்தால் எடை குறையும், மணியின் விகிதம் கூடும், செரிமானம் கூடும். நிலம் குறைவு, பால் குறைவாகக் கறக்கும் மாடு என்றால் ஒரு சாண் விட்டு அறுங்கள். நிலம் இருக்கிறது, பதினைந்து லிட்டர் கறக்கும் மாடு என்றால் முழம் விடுங்கள். நாங்கள் இரண்டுக்கும் நடுவில் ஒத்துப்போனோம். அதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை, குடும்ப அமைதிதான் காரணம்.

பட்டம் பற்றி. தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களுக்குச் சொல்லும் ஆடிப்பட்டம் சென்னை, திருவள்ளூர் பக்கம் சைலேஜுக்கு ஒத்துவராது. ஆடி கடைசியில் விதைத்தால் அறுவடை ஐப்பசியில் விழும். வடகிழக்குப் பருவமழையில் வயலுக்குள் டிராக்டர் இறங்காது, பயிர் நீரில் நின்றால் தாங்காது, குழியில் போடுவதும் சேறும் சகதியுமாகத்தான் இருக்கும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தைப்பட்டம் நல்லது: தை முதல் வாரத்தில் விதைத்தால் மார்ச்சில் பூத்து, ஏப்ரல் நடுவில் அறுக்கலாம். மாசி கடைசி வரை இழுத்தால் பூக்கும் நேரம் கத்திரி வெயிலில் மாட்டும். 38 டிகிரிக்கு மேல் மகரந்தம் செத்து, கதிரில் பாதிப் பல் இல்லாத வாய் போல மணி பிடிக்கும். செடி பச்சையாக, உயரமாக, பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே ஸ்டார்ச் இருக்காது. அடுத்தது ஜூன் முதல் வாரம் விதைத்து, செப்டம்பர் தொடக்கத்தில் அறுப்பது. அறுத்துப் பாதுகாத்த தீவனம் மழைக்காலம் முழுக்கக் கைகொடுக்கும். அந்த மூன்று மாதம்தான் மாதவரத்தில் பசும்புல் கிடைப்பதும் கஷ்டம், நனையாத வைக்கோல் கிடைப்பதும் கஷ்டம்.

படைப்புழு 2018இல் இந்தப் பக்கம் வந்ததிலிருந்து எந்த மக்காச்சோளமானாலும் முதல் ஒரு மாதம் குருத்தைத் தினமும் பார்க்க வேண்டும். இது எல்லா ரகத்துக்கும் பொது. மருந்தடித்தால் அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியை மட்டும் மறக்காதீர்கள், மாடு செடியோடு சேர்த்து அதையும் சாப்பிடும்.

இனி, விளைவிப்பதா வாங்குவதா?

பிளாஸ்டிக் சுற்றிய பேல் வந்த பிறகு நகரத்துக்குள் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு வாழ்க்கை சுலபமாகிவிட்டது, உண்மை. கோயம்பேட்டிலிருந்து காலிஃபிளவர் இலையும் முட்டைகோஸ் தழையும் அள்ளி வந்து போட்ட காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் பேலைக் கிலோ விலையில் பேசி வாங்குவதுதான் தவறு. ஒரு பேல் கிலோ 7 ரூபாய், உலர் எடை 30 சதவீதம் என்று வையுங்கள். உலர் தீவனம் கிலோ 23 ரூபாய் ஆகிறது. இன்னொருவர் அதே 7 ரூபாய்க்கு 22 சதவீதத்தில் கொடுத்தால் 32 ரூபாய். ஒரே விலை, ஒரே கனம், ஒரே வெள்ளைப் பிளாஸ்டிக். ஒரு தடவை நான் வாங்கிய லோடில் பேலைப் பிரித்தால் கதிர் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. வெறும் பச்சைத் தட்டை. விற்றவரைக் கேட்டதற்கு, "நம்மது ப்யூர் மக்காச்சோளம் சார்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு. மணி எவ்வளவு, எத்தனையாவது நாள் அறுத்தது என்று கேட்டிருக்க வேண்டும். அதிக அளவில் வாங்குகிறவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு மாதிரி அனுப்பி உலர் எடை, புரதம், நார் எல்லாம் பார்த்துக்கொள்வது லாபம்.

இறக்கி வைத்த பேலுக்குப் பெரிய எதிரி காக்காய். கொத்தி ஒரு ஓட்டை போட்டால் போதும், காற்று உள்ளே போய் ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் முழுக்கப் பூஞ்சை வலை பின்னியிருக்கும். ஓட்டை கண்ட அன்றே டேப் ஒட்ட வேண்டும். பூஞ்சை பிடித்த பகுதியை "மாடுதானே" என்று போடக் கூடாது. அஃப்ளாடாக்சின் பாலில் இறங்கும், பாலில் அதற்கு அரசு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்.

வாங்குவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை எங்கள் குழி எனக்குக் கற்றுக்கொடுத்தது. திறந்த சைலேஜ் முகப்பு சென்னைச் சூட்டில் சீக்கிரம் சூடேறிக் கெடும். அதனால் நாள்தோறும் முகப்பு முழுவதிலும் அரை அடிக்குக் குறையாமல் வெட்டி எடுக்க வேண்டும். பத்து மாட்டுக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ. நன்றாக மிதித்த சைலேஜ் ஒரு கன மீட்டர் 650 கிலோ இருக்கும். என் குழி இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். கணக்குப் பார்த்தால் நாளைக்கு எட்டு சென்டிமீட்டர்கூட நகரவில்லை. நான் வெட்டுவதைவிட வேகமாக அது கெட்டுக்கொண்டிருந்தது. அகலத்தை 1.2 மீட்டர், ஆழத்தை ஒரு மீட்டர் என்று சுருக்கினால் 19 சென்டிமீட்டர் நகரும். பெரிய பண்ணையைப் பார்த்துவிட்டு வந்து பத்து மாட்டுக்குப் பெரிய குழி வெட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ஐம்பது கிலோ பை இன்னும் எளிது. உள்ளே கெட்டியான பாலித்தீன், மேலே சாக்கு, காற்றை மிதித்து வெளியேற்றி வாயைக் கட்டிவிட்டால் நாளைக்கு மூன்று பை. பைக்குக் கூடுதல் செலவும் கூலியும் ஆகும், ஆனால் ஒரு பை கெட்டால் ஒரு பையோடு போகும்.

கோ-4 பற்றி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. ஹெக்டேருக்கு வருடம் 375 முதல் 400 டன் என்கிறார்கள். உலர் எடையாகப் பார்த்தாலும், இரண்டு போகம் மக்காச்சோளத்தைவிட அதிகம். நன்றாகத் தண்ணீரும் எருவும் கொடுத்து அதில் பாதி எடுத்தாலும் ஒரு ஏக்கரில் ஒன்றரை மடங்கு வரும். அப்படியிருக்க எதற்கு மக்காச்சோளம்? புல்லில் ஸ்டார்ச் கிடையாது. அதில் கிடைக்கும் சத்தில் பத்து லிட்டர் மாட்டை ஓட்டலாம், பதினைந்து லிட்டருக்கு மூட்டையைப் பிரிக்க வேண்டும். சைலேஜ் போடவும் அது சுமாரான பயிர்தான்: சர்க்கரை குறைவு, ஈரம் அதிகம், ஒரு நாள் வாட விட்டு வெல்லப்பாகு தெளித்துத்தான் போட வேண்டும். வெட்டி அன்றே போடுவதற்குப் புல், சேமித்து வைப்பதற்கு மக்காச்சோளம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டுக்கும் சண்டை இல்லை. சோளத்தில் கோ எப்.எஸ் 29 போன்றவை வறட்சி தாங்கும், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு வரும். கிணறு வற்றுகிற இடமென்றால் அதைத்தான் சொல்வேன். ஆனால் இளம் பயிரில் விஷம் உண்டு, பூப்பதற்கு முன் மாட்டுக்குக் காட்டக்கூடாது.

மக்காச்சோள சைலேஜின் குறையையும் சொல்ல வேண்டும். புரதம் 7, 8 சதவீதம்தான். வைக்கோலின் 3, 4 சதவீதத்துக்கு இது மேல் என்றாலும் கறவைக்குப் போதாது. புண்ணாக்கோ, உளுத்தம் பொட்டோ, கொஞ்சம் வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனமோ சேர்த்தால்தான் பால் நிற்கும். இதைச் சேர்க்காமல் "சைலேஜ் போட்டேன், பால் ஏறல" என்கிறவர்கள் நிறைய. இன்னொன்று, ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மாட்டுக்கு 15 கிலோவில் நிறுத்தி, இரண்டு மூன்று கிலோ வைக்கோலையும் விடாமல் வைத்திருக்கிறேன்.

ஆக, நாங்கள் முடிவு செய்தது இது. பத்து மாட்டுக்கு வருடத்துக்கு 55 டன், கழிவோடு சேர்த்து 61 டன். ஏக்கருக்கு 14 டன் என்றால் நாலரை ஏக்கர் விளைச்சல் வேண்டும். இரண்டே கால் ஏக்கரில் தையிலும் ஜூனிலும் இரண்டு போகம். விதை கோ எச் (எம்) 6 போன்ற மணி ரகம், ஏக்கருக்கு எட்டு கிலோ. அரை ஏக்கரில் கோ-4, வரப்போரம் வேலிமசால். மீதியில் அண்ணன் நெல் வைத்துக்கொள்கிறார், வைக்கோல் எனக்கு. குழி இல்லை, பைதான். அவசரத்துக்கு மட்டும் பேல், அதுவும் பிரித்துக் கையில் பிடித்துப் பார்த்து.

"அப்போ எடை மேடைக்குப் போவ வேணாமா?" என்றார் அண்ணன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"போலாம்ணா. சீட்டுக்குப் பின்னாடி உலர் எடையையும் எழுதிடுவோம்."

எழுபதாம் நாளிலிருந்து தினம் ஒரு கதிர் உடைத்துக் கோடு பார்ப்பது என் வேலை என்று பேச்சு. அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சைலேஜைக் கண்டாலே அவருக்கு ஆகாது, "மாட்டுக்கு எவனாவது ஊறுகா போடுவானா" என்பார். இந்தத் தடவை அதைச் சொல்லவில்லை.

"ஒடைக்கிற கதிரு முத்தறதுக்கு முன்ன வர்றத எங்கிட்ட குடுத்துடுங்கடா. சுட்டுத் தின்னலாம்."